வேலையும் படிப்பும்: மொன்ட்ரகோன் ஊரார் கண்ட வழி

முழுநேர வேலையில் அமர்ந்து குடும்பத்தைத் தாங்கி வரும் ஒருவர், அவ்வேலையை விட்டுவிட்டு மறுபடியும் மாணவராகி, வேறொரு தொழிலுக்குத் தம்மைத் தயார் செய்துகொள்ளலாமா என்னும் கேள்வி நம் சங்கங்களில் அடிக்கடி எழுகிறது. பத்து வருஷம் பட்டு நெய்தவர் சாயத் தொழில்நுட்பத்தை முறைப்படி பயில விரும்புகிறார். கரும்பு பயிரிடுபவரின் மகன், டவுனில் தமக்குக் கிடைத்த குமாஸ்தா வேலையை விட்டு, விவசாயக் கல்வி பெற்று ஊர் திரும்ப எண்ணுகிறார். கல்யாணத்தோடு படிப்பை நிறுத்திய ஒரு பெண் அங்கத்தினர், விட்ட இடத்திலிருந்து படித்து ஆசிரியையாக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

இவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் உபதேசம் இருவகைப்படும். இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்காதே என்பது ஒன்று. துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள், அந்தப் படிப்புக் காலத்தில் அடுப்பெரிக்க வேண்டிய பொறுப்பு இல்லாதவர்கள். ஆகையால் உபதேசங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, கணக்கை மட்டும் பார்ப்போம்.

படிப்புச் செலவு என்றவுடன் பள்ளிச் சம்பளமும் புத்தகமும் பஸ் கட்டணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை சிறு பகுதியே. பெரும் பகுதி, படிக்கும் காலத்தில் வராமற்போகும் கூலியாகும். தறி வீடுகளில் இது இன்னும் கடுமையானது. ஒருவர் எழுந்தால் ஒருவரின் கூலி மட்டும் நிற்பதில்லை. கோர்வைச் சேலை நெய்யும் குழித்தறியில் உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்குத் தனித்தனி நாடாக்களுமாக மூன்று ஓடுகின்றன. நெய்பவருக்குத் துணையாக மற்றொருவர் உட்கார வேண்டும். வீட்டிலுள்ள பெண்களோ முதியவர்களோ தார் சுற்றித் தருகிறார்கள். முக்கியமானவர் படிக்கப் போய்விட்டால் துணைக்கு உட்கார்ந்தவரின் கையும் தார் சுற்றியவரின் கையும் சும்மா இருக்கும். நம் மாநிலத்துக் கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ஒரு பகுதியை நெசவாளரும் அதனுடன் ஒரு பங்கை அரசாங்கமும் செலுத்துவது என்ற ஏற்பாட்டை அங்கத்தினர் அறிவர். கூலி நின்றால் அந்தச் சேமிப்பும் அதனுடன் சேரும் அரசாங்கப் பங்கும் சேர்ந்தே நிற்கும். இதைக் கணக்கில் எழுதாமல் "மூன்றே வருஷந்தானே" என்று சொல்லுவது எளிது.

இந்தக் கூலி இழப்பைத் தனியொருவர் தலையில் சுமத்தாமல் பலராகப் பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. பங்கிட்டுக்கொண்ட ஓர் ஊர் உண்டு. அது நம் நாட்டில் இல்லை; ஆயினும் கூட்டுறவாளர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஊர்.

ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், மொன்ட்ரகோன் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர் அப்பகுதியை வறுமையில் தள்ளிவிட்டிருந்தது. 1941இல் அவ்வூர் மாதா கோயிலுக்கு ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா என்னும் 25 வயதுப் பாதிரியார் துணைக் குருவாக வந்து சேர்ந்தார். சிறு வயதில் ஒரு கண்ணை இழந்தவர். பிரசங்கம் செய்வதில் வல்லவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ஊரில் இரும்புச் சாமான்களும் பூட்டுகளும் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் பயிற்சிப் பள்ளியில் பெரும்பாலும் அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கே இடம் கிடைத்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும்படி பாதிரியார் கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை.

பிறகு அவர் செய்த காரியம் நம் கிராமத்துக் கோயில் வசூலை நினைவூட்டுவது. தெரு முனைகளில் பெட்டிகளை வைத்தார். தொழிற்பள்ளி ஒன்று தொடங்கினால் யார் யார் என்ன தருவார்கள் என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போடும்படி ஊராரைக் கேட்டுக்கொண்டார். பணம் தர இயலாதவர் உழைப்பைத் தரலாம். ஏறத்தாழ அறுநூறு பேர் எழுதிப் போட்டார்கள். அவர்கள் கொடையாளிகள் என்ற அளவில் நின்றுவிடவில்லை. பள்ளியை நடத்தும் சங்கத்தில் அங்கத்தினராகி வாக்குரிமையும் பெற்றார்கள். 1943இல் இருபது மாணவருடன் பள்ளி திறக்கப்பட்டது. தொழிற்சாலை தோன்றுவதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னமே பள்ளி தோன்றிவிட்டது என்பதை அங்கத்தினர் மனத்திற் கொள்ள வேண்டும். நம்மில் பலர் முதலில் ஆலை, பிறகு வசதி வந்தால் பள்ளி என்று எண்ணுகிறோம்.

அப்பள்ளியில் தேறிய இளைஞர்கள் தொழிற்சாலைகளில் வேலைக்கமர்ந்தார்கள். மேலே படிக்க வேண்டுமானால் வேலையை விட்டு, வெகு தூரத்திலிருந்த சர்வகலாசாலைக்குப் போக வேண்டும். அதற்கு அவர்கள் வீட்டில் வசதியில்லை. பாதிரியார் ஸாரகோஸா சர்வகலாசாலையுடன் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். பதினொரு இளைஞர்கள் பகலில் தொழிற்சாலையில் வேலை செய்வது, வேலை முடிந்த பின் மொன்ட்ரகோனிலேயே பாடம் படிப்பது, பரீட்சைக்கு மட்டும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஸாரகோஸாவுக்குச் சென்று வருவது. இவ்விதம் பல வருஷம் படித்து 1952இல் பதினொருவரும் தொழில்நுட்பப் பட்டம் பெற்றார்கள். பட்டம் கைக்கு வரும்வரை ஒருவரும் வேலையை விடவில்லை.

அவர்களில் ஐவர், தாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் தொழிலாளருக்கும் பங்குரிமை வேண்டும் என்று கேட்டார்கள்; கிடைக்கவில்லை. 1955இல் ஐவரும் ராஜிநாமா செய்தார்கள். ஊரில் ஏறத்தாழ நூறு பேர் அவர்களை நம்பிப் பணம் கொடுத்தார்கள். விட்டோரியா நகரில் நொடித்துப்போயிருந்த ஒரு தொழிற்சாலையை அதன் அரசாங்க லைசென்ஸுடன் வாங்கி, மறு வருஷமே தங்கள் ஊருக்குத் தொழிலைக் கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு செய்யும் தொழில். ஐவர் பெயரின் எழுத்துகளைக் கோர்த்து அதற்கு உல்கோர் என்று பெயரிட்டார்கள். இன்று மொன்ட்ரகோன் கூட்டுறவுகள் என்று உலகம் அறியும் பெரிய அமைப்புக்கு அதுவே முதல் வித்து.

இதில் எது முதலில், எது பின்னர் என்பதை நாம் கவனிக்க விரும்புகிறோம். அந்த ஐவரின் துணிவைப் புகழ்ந்து எழுதுவோர் பலர். அவர்கள் வேலையைத் துறந்ததைப் பெரிய தியாகமாகச் சொல்வதுண்டு. ஆனால் வேலையைத் துறந்தபோது படிப்பு முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தொழில் அனுபவமும் கையில் இருந்தது. கூட நான்கு பேர் இருந்தார்கள். ஊரார் பணமும் வந்தது. தனியாக, படிப்புத் தொடங்கிய அன்றே வேலையை விட்டிருந்தால் அவர்கள் கதை வேறாக இருந்திருக்கும். படிக்கப்போகும் அங்கத்தினருக்கு நாம் முதலில் கூறுவது இதுதான்: வேலையை விடும் தேதியை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள்.

வேலையை ஒரேயடியாக விட்டுப் படிக்கச் சென்று வெற்றி கண்டவர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். பால் கூட்டுறவின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் வர்கீஸ் குரியன் அவர்களே உதாரணம். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்துத் தேறி ஜம்ஷெட்பூர் உருக்காலையில் இருந்தவர், சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றார். திரும்பி வந்து 1949இல் ஆனந்த் ஊருக்கு அனுப்பப்பட்டார். ஆனால் அவருக்குப் படிக்கும் காலத்துக்குப் பணம் இருந்தது. முடித்தவுடன் சர்க்கார் வேலை காத்திருந்தது. இந்த இரண்டும் கையில் இருக்கும் அங்கத்தினர் நாளையே வேலையை விடலாம். நாம் தடுக்க மாட்டோம்.

மற்றவருக்கு இரவுப் படிப்பே கதி என்று சொல்லிவிடவும் நமக்கு மனமில்லை. மொன்ட்ரகோனின் பதினொருவர் திருமணமாகாத வயதில் தொடங்கிய இளைஞர்கள். பகலெல்லாம் குழித்தறியில் கால் மிதித்துக் கை வீசியவருக்கு இரவில் புத்தகம் பிடிக்கக் கண் ஒத்துழைக்காது. அதை மறுப்பவர் தறியில் உட்கார்ந்தறியாதவர். அந்த ஊராரும் இதைக் கண்டுகொண்டார்கள். உழைத்துக் களைத்த பின் படிப்பதைவிட, உழைப்பையே பாதியாக்கினால் என்ன என்று யோசித்தார்கள். 1966இல் அலெகோப் என்னும் கூட்டுறவு தோன்றியது அந்த யோசனையிலிருந்துதான்.

அலெகோப் மாணவர்களுக்கென்றே ஏற்பட்ட தொழிற்சாலை. ஒரு பிரிவு மாணவர் காலையில் சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்து பிற்பகல் வகுப்புக்குச் செல்வர். மற்றொரு பிரிவு காலையில் வகுப்பிலிருந்து பிற்பகலில் அதே யந்திரங்களில் வேலை செய்யும். யந்திரம் நாள் முழுவதும் ஓடும். மாணவர் அரைநாளே உழைப்பர். அந்த அரைநாள் கூலி அவர்களுடைய படிப்புச் செலவைத் தாங்கியது. மாணவர்கள் அங்கே கூலியாட்கள் அல்லர், அங்கத்தினர்கள். கூட்டத்தில் பேசலாம், வாக்களிக்கலாம். சுற்றியிருந்த கூட்டுறவு ஆலைகளுக்கு வேண்டிய உதிரி உறுப்புகளை அவர்கள் செய்து கொடுத்தார்கள். பிற்காலத்தில் தொழிற்பள்ளிகளுக்கு வேண்டிய போதனைக் கருவிகளையும் செய்தார்கள்.

மில் தொழிலாளிக்கு இத்தகைய அரைநாள் வேலை கேட்டாலும் கிடைக்காது. கூட்டுறவு நெசவாளருக்கோ தறி வீட்டிலேயே இருக்கிறது; கூலி நேரத்துக்கு அல்ல, நெய்த சேலைக்கு. ஆகவே அலெகோப் முறை நமக்கு அவர்களைவிடவும் எளிதில் பொருந்தக்கூடியது என்பது நம் அபிப்பிராயம். தடையாக நிற்பவை இரண்டே. ஒன்று, துணையாள் வேண்டும் கோர்வை ரகம். படிக்கும் அங்கத்தினருக்கு அந்த இரண்டு மூன்று வருஷங்களுக்கு மட்டும் ஒருவரே நெய்யக்கூடிய ஒற்றை நாடா ரகத்துக்குப் பாவு கொடுக்கலாம். கூலி குறைவுதான், ஆயினும் அடியோடு நிற்காது. மற்றொன்று, சேலை ஒப்படைக்கும் கெடு. பரீட்சை மாதத்தில் கெடுவை நீட்டிக் கொடுக்க நிர்வாகக் குழுவுக்குத் தனி நிதி எதுவும் வேண்டியதில்லை; ஒரு தீர்மானம் போதும்.

பயிர் செய்வோர் விஷயம் கொஞ்சம் வேறு. தறியைப் பரீட்சைக்காக ஒரு வாரம் நிறுத்தலாம்; நாற்று காத்திருக்காது. அவர்களுக்கு வகுப்பு நாள்தோறும் இருக்கும் படிப்பைவிட, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியாக நடத்துவது போன்ற படிப்புகள் பொருத்தமானவை.

இனி, இந்தப் பணமெல்லாம் மொன்ட்ரகோனில் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். அங்கே ஒவ்வொரு கூட்டுறவும் தன் நிகர லாபத்தில் நூற்றுக்குப் பத்தைக் கல்விக்கும் சமூக காரியங்களுக்கும் ஒதுக்கி வந்திருக்கிறது. 1959இல் அவர்களே ஒரு தொழிலாளர் வங்கியை ஏற்படுத்தினார்கள். நோய், முதுமைப் பாதுகாப்புக்கும் சொந்தமாக ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவன் படிக்க மற்றவர் ஏன் பணம் தர வேண்டும் என்னும் கேள்வி அங்கும் எழுந்திருக்கும். நம் மகாசபைகளில் எழும் என்பதிலோ சந்தேகமே இல்லை. அவர்கள் ஆரம்பத்தில் வைத்திருந்த ஊதிய விதியில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. மிகக் குறைந்த ஊதியம் ஒன்று என்றால் மிக உயர்ந்தது மூன்றுக்கு மேற்படக்கூடாது என்பது விதி. பிற்காலத்தில் அது தளர்த்தப்பட்டது. ஆயினும் முதல் தலைமுறைக்கு அதுவே சட்டம். என்ஜினீயராகத் திரும்பியவன் பக்கத்து வீட்டுக்காரனைவிட மூன்று மடங்குக்கு மேல் பெற முடியாது. அவன் கற்ற கல்வியின் மிகுதிப் பயன் ஆலைக்கும் ஊருக்கும் வந்து சேர்ந்தது. அப்படியானால் அவன் படிப்புக்கு எல்லோரும் கொடுப்பதில் வியப்பில்லை. நம் சங்கப் பணத்தில் சாயத் தொழில்நுட்பம் கற்றவர் தனியார் சாயப்பட்டறைக்கு நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டால் மற்ற அங்கத்தினர் கொதிப்பது இயற்கையே. கொதிக்காமலிருக்க வழி, படிக்கப் போகுமுன்பே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்: முடித்தபின் இத்தனை வருஷம் சங்கத்தில் வேலை, அதற்கு இன்ன சம்பளம், வேலை இல்லையென்று சங்கம் கைவிரித்தால் அவருக்கு விடுதலை. கடைசிப் பகுதியை நிர்வாகக் குழுவினர் பெரும்பாலும் எழுத மறந்துவிடுகிறார்கள்.

மொன்ட்ரகோன் சரித்திரத்தில் கசப்பான அத்தியாயமும் உண்டு. அந்த ஐவர் தொடங்கிய உல்கோரின் வழிவந்த பாகோர் வீட்டுச் சாதனக் கூட்டுறவு 2013இல் நொடித்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் வேலையிழந்தார்கள். போட்ட முதலையும் இழந்தார்கள். அவர்களில் பலர் இருபது முப்பது வருஷம் ஒரே வேலையில் இருந்தவர்கள். மாணவராகும் ஆசையால் அல்ல, வேறு வழியில்லாமையால் புதிய வேலையைக் கற்க நேர்ந்தவர்கள். வயது முதிர்ந்தோர் பலருக்கு முன்கூட்டியே ஓய்வு வழங்கப்பட்டது. மற்றவரில் பெரும் பகுதியினரைப் பிற கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன. இதற்கு வேண்டிய செலவை அவர்களுடைய பொதுக் காப்பு நிதியும் தாங்கியது. இழந்த முதலுக்கு இது ஈடாகாது. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தனியார் ஆலை மூடப்பட்டால் தொழிலாளி தெருவில் நிற்கும் நிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நியாயமே. விசைத்தறியின் போட்டியால் தறியை நிறுத்தியவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களை வேறு தொழிலுக்குப் பழக்குவது சங்கத்தின் வேலை என்று நாம் இதுவரை கருதியதுண்டா?

நம் மாநிலத்தில் படிக்க இடமில்லை என்பதற்கில்லை. சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் மூன்று வருஷப் பட்டயப் படிப்பு இருக்கிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் தினமும் வகுப்புக்குச் செல்லாமலே தேர்வெழுதத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழிசெய்கிறது. 2016இல் மத்திய ஜவுளி அமைச்சகம் அப்பள்ளியுடனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துடனும் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி கைத்தறி நெசவாளர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர் ஆகியோருக்கும் சேர்க்கைக் கட்டணத்தில் நூற்றுக்கு 75 பங்கை அரசாங்கம் ஏற்பது என்று ஏற்பாடாயிற்று. விண்ணப்பிக்குமுன் இப்போதைய விதிகளைச் சங்கக் காரியதரிசி மூலம் நெசவாளர் சேவை மையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கட்டணம் குறைந்துவிட்டது என்பதால் கூலி இழப்புக் குறையவில்லை. தொடக்கத்தில் சொன்ன கணக்கு அப்படியே நிற்கிறது. 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி சங்கங்களின் நிகர லாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. அது உள்ளூர் சங்கத்தின் கைச் செலவுக்கு உரியதன்று. ஆனால் துணைவிதிகளில் பொது நல நிதிக்கு இடமுள்ள சங்கங்கள், அதிலிருந்து ஓர் அங்கத்தினருக்காவது படிப்புக் காலத்து உதவித்தொகையோ வட்டியில்லாக் கடனோ தர முடியுமா என்று மகாசபையில் பேசலாம். லாபமே இல்லாத சங்கங்கள் பல என்பதை அறிவோம். அவற்றாலும் இயலக்கூடியவை சில உண்டு: படிக்கப் போனவரின் தறியை வேறொருவருக்கு நிரந்தரமாக மாற்றாமல் வைத்திருப்பது, நெய்யாத அங்கத்தினர் என்று பெயரை நீக்குமுன் படிப்புக் காலத்தை விலக்கிக் கணக்கிடத் துணைவிதியில் திருத்தம் கோருவது, நூல் பாக்கி இருந்தால் அதைக் கூலியிலிருந்து பிடிக்கும் தவணையைச் சிறிதாக்குவது.

படிக்கப் போகும் அங்கத்தினர் விண்ணப்பம் எழுதுமுன் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கெழுத வேண்டும். மாதச் செலவு எவ்வளவு. அரைநாள் தறியில் எவ்வளவு வரும். மிகுதியை யார் தருவது, எத்தனை மாதம் தருவது. படித்து முடித்து வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதமானால் என்ன செய்வது. மனைவியோ கணவரோ அந்தத் தாளைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஏனெனில் தார் சுற்றுவதோடு இனி நாடா ஓட்டுவதும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழப்போகிறது. அந்தத் தாளின் நகலொன்றை விண்ணப்பத்துடன் இணைத்துத் தந்தால், எத்தனை ரூபாய் எத்தனை மாதத்துக்குத் தேவை என்பதை நிர்வாகக் குழு நேரே கண்டுகொள்ளும்.